பத்து மணி வானவில்

பகல் ஒரு மணி.

அருவிக்கு அடியில் இருந்த மடுவிலிருந்து பாட்டு டீச்சரை நாலு பேர் சேர்ந்து தூக்கி வெளியே எடுத்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர்கள் என்னென்னமோ கத்தினார்கள். கரையில் நின்ற ஒருவருக்கும் ஒன்றும் காதில் ஏறவில்லை. மழைக்காலத்து அருவியின் இரைச்சல் அப்படி. பச்சை மழைக்கோட்டு, நெற்றியில் ஆழமான வெட்டு, திறந்த கண்கள். நண்டும் சிண்டுமான பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் பாறைமேல் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். சாரல் மறுபடி அப்பியது. எரிச்சலோடு மறுபடி கழற்றினாள்.

ஏட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வீஸில் பாதி ஆயுளைக் கழித்தும் வாயை அடக்கத் தெரியாத மனிதர்.

“மேடம், சட்டை...”

“என்ன?”

“வலது கை மடிப்பு கத்தி மாதிரி நிக்குது. இடது கை மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு.”

“காலையில பாதி தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சுய்யா. பத்தரைக்கு டியூட்டிக்குக் கிளம்புற வரைக்கும் வரவே இல்ல. அப்படியே மாட்டிக்கிட்டு வந்துட்டேன். பொணத்தைப் பாரும், என் கையை அப்புறம் பார்க்கலாம்.”

பிணம் கிடப்பதை ஓடிவந்து சொன்னவன் கொஞ்சம் தள்ளிப் போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தான். பற்கள் கிடுகிடுத்தன. டீச்சரையும் அவள் புருஷனையும் ஏரியும் அருவியும் காட்ட அழைத்துவந்த டிரைவர் அவன். இன்ஸ்பெக்டரின் கூடப்பிறந்த தம்பியும் அவன்தான்.

இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அவளுக்கு அப்போதுதான் போலீஸ் வேலை கிடைத்திருந்தது. தன் கல்யாணப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அவனை ஆளாக்கினாள். ஆளானவன் சொந்தமாக ஒரு கார் வாங்கி, விருந்தாளிகளைத் தனியாக அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டும் தொழிலில் இறங்கினான். வண்டியும் அவனே ஓட்டுவான், வாயும் அவனே ஓட்டுவான். தன் வண்டியிலிருந்து யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கக்கூடாது என்பது அவன் வீம்பு. அந்த வீம்பில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், காற்றுக்காலத்தில் போகக்கூடாத ஏரியில் யாரோ ஒரு விருந்தாளியைப் படகில் ஏற்றினான்; படகு கவிழ்ந்து அவர் தண்ணீர் குடித்துப் பிழைக்க, இவன் லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். அக்கா போய் நின்று, இனிமேல் செய்ய மாட்டான், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொடுத்தாள்.

ஊரில் அவனுக்கு ‘வானவில்’ என்று பட்டப்பெயர். வெயில் அடிக்கிற நாளில் காலை பத்து மணிக்கு எதிர்மலையைத் தாண்டி வெளிச்சம் அருவிச் சாரலில் விழும். பாறைக்குப் பாறை ஒரு வானவில் நிற்கும். கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மற்ற டிரைவர்கள் மனம்போன நேரத்துக்கு அருவிக்கு வருவார்கள். இவன் மட்டும் பத்து மணிக்கு அங்கே நிற்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காதவன்.

இன்ஸ்பெக்டர் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடினாள். அப்புறம்தான் போலீஸானாள்.

“எத்தனை மணிக்கு அருவிக்கு வந்தீங்க?”

“பத்துக்கு. உனக்குத் தெரியாதாக்கா?”

“புருஷனும் கூட வந்தாரா?”

“வந்தாரு. குட்டி ஏரியிலேயே ரெண்டு பேருக்கும் சண்டை. வண்டிக்குள்ளயும் நிக்கல. அருவிக்கு வந்ததும் நான் வண்டிகிட்ட நின்னுட்டேன், அவங்க மேல்பாறைக்குப் போனாங்க. வானவில் சரியா டீச்சர் முதுகுக்குப் பின்னாடி நிக்குது. அந்த ஆளு கையைப் பிடிச்சு இழுத்தான். அவங்க உதறுனாங்க. ரெண்டு கையாலயும் ஒரே தள்ளு.”

“கத்தினாங்களா?”

“இந்தச் சத்தத்துல எங்கக்கா கேக்கும்?”

“அப்புறம்?”

“அவன் காட்டுப்பக்கமா ஓடிட்டான். நான் கீழ இறங்கி மடுவுல குதிச்சேன். தண்ணி ஆளையே புரட்டிப் போடுது. ஒன்றரை மணி நேரம் தேடிட்டேன். கடைசியில பாறை இடுக்குல சிக்கியிருந்தாங்க, இழுத்துப் பார்த்தேன், வரல. போன்ல சிக்னல் இல்ல. அதான் வண்டியை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கே வந்தேன்.”

“நீ முழுகிப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்பே?” என்றாள் அக்கா. ஏட்டு நாகரிகமாக அருவியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பகல் இரண்டரை மணி.

புருஷனை அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. தங்கியிருந்த விடுதிக்குள் நொண்டி நொண்டி நுழையும்போதே பிடித்துவிட்டார்கள். பல் டாக்டர். ஒற்றைக்கால் ஷூ, முழங்காலுக்கு மேலே வரை சேறும் ஈரமுமாகப் பேண்ட். காட்டுக்குள் விழுந்தடித்து ஓடிவந்தவன் இப்படித்தான் இருப்பான் என்று விடுதி மானேஜரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“நான் அருவிக்கே போகல” என்றார் பல் டாக்டர். மனைவி செத்துப்போனதைச் சொன்னதிலிருந்து அவர் கைகள் மேஜையைப் பிடித்தபடியே இருந்தன.

“எங்க போனீங்க?”

“எங்கயும் போகல. குட்டி ஏரியில எங்களுக்குள்ள சண்டை. வண்டியிலேயே வார்த்தை முத்திப்போச்சு, நான் கையைக்கூட ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்கினதே எனக்கு அவமானமாப் போச்சு. இறங்கிட்டேன். நீங்க போங்க, நான் நடந்து வரேன்னு சொன்னேன். வண்டி போயிடுச்சு.”

“அப்புறம்?”

“கரையில புல்லுமேல உட்கார்ந்தேன். ஷூவைக் கழட்டிப் பக்கத்துல வெச்சேன். ராத்திரி பூரா தூக்கமில்ல, அப்படியே சாய்ஞ்சுட்டேன். கண்ணை முழிச்சா தண்ணி என் முழங்காலுக்கு மேல நிக்குது. ஒரு ஷூவைக் காணோம்.”

“நீங்க தண்ணிக்குள்ள உருண்டு போயிட்டீங்களா?”

“இல்ல. நான் உட்கார்ந்த இடத்துலேயேதான் இருந்தேன். தண்ணிதான் ஏறி வந்துச்சு.”

ஏட்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஏரி உங்களைத் தேடி வந்துச்சு, ஒரு ஷூவை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பாவம், அதுக்கு ஒரு கால்தான் போல.”

பல் டாக்டர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எங்களுக்கு ஏழு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தோம். சாயங்காலம் போன் பண்றேன்னு அவகிட்ட இவதான் சொன்னா. இப்ப யார் மேடம் பேசுறது?”

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்தாள். மேலதிகாரி அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார். மூன்றாவது தடவை அவளே எடுத்தாள்.

“கண்ணால பார்த்த சாட்சி இருக்கு. ஆளும் உள்ளே இருக்கான். இன்னும் என்னம்மா?”

“சாட்சி என் தம்பி சார்.”

“தம்பின்னா கண்ணு தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள கொலைக் கேஸ் எழுதி அனுப்புங்க. ஆயுசுக்கும் வெளியே வராத மாதிரி எழுதுங்க.”

எழுதியிருக்கலாம்தான். ஆனால் அவளுக்கு ஒரு சங்கடம். பொய் சொல்கிறவனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்; அவர்களெல்லாம் நம்பும்படியாகச் சொல்வார்கள். படித்த மனிதன் ஒருவன், கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்தில், ஏரி ஏறி வந்தது என்றா சொல்வான்? கால் வழுக்கியது என்று சொல்லித் தொலைக்கலாமே!

பகல் மூன்றேகால்.

பிணவறை மருத்துவர் கையுறையைக் கழற்றி எறிந்தாள். அவளுக்கு அன்று எல்லார் மேலும் கோபம்.

“காலையில கரண்ட் இல்ல, குளிர்பெட்டி இல்ல, ஏற்கெனவே இருக்கிற ரெண்டு பொணத்தை நான் என்ன மடியில வெச்சுக்கிட்டா உட்கார்றது? இப்ப நீங்க மூணாவது கொண்டு வந்துட்டீங்க.”

“எப்படிச் செத்தாங்க?”

“மண்டை உடைஞ்சு. நுரையீரல்ல தண்ணியும் இருக்கு. நெத்திக் காயத்துல ரத்தம் நல்லாவே பாய்ஞ்சிருக்கு, சுத்தி வீங்கியும் இருக்கு. செத்த உடம்புல அப்படி ஆகாது. பாறையில மோதும்போது உயிர் இருந்துச்சு.”

“வேற ஏதாவது?”

“தலை பூரா கொடிப்பாசி. நூல்கண்டு மாதிரி சுத்திக்கிட்டு இருந்துச்சு. சீப்பு போட்டு எடுத்தேன். சாயங்காலம் சொந்தக்காரங்க பார்க்க வருவாங்க இல்ல, அந்தக் கோலத்துல காட்டவா முடியும்?”

சிடுசிடுப்புக்காரிதான், ஆனால் மனசு அப்படி. இன்ஸ்பெக்டர் நன்றி சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். தம்பி உடை மாற்றிக்கொண்டு, வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தான்.

“அருவிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்டா. நீ நின்ன இடத்துல நான் நின்னு பார்க்கணும். அப்பதான் எழுத முடியும்.”

“ஜீப் வேணாம்க்கா. உனக்கு வளைவுல குமட்டும். என் வண்டியிலேயே வா.”

உண்மைதான். மலையூரில் வேலை பார்க்கிற இன்ஸ்பெக்டருக்கு மலைப்பாதை ஆகாது. நாலு வளைவு தாண்டினால் வயிறு வாய்க்கு வந்துவிடும். ஊரில் அவளுக்கு வாந்தி வராமல் வண்டி ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். முன் சீட்டில் உட்காரவைத்து, ஜன்னலை இறக்கிவிட்டான். ஏட்டு பின்னால் ஏறினார்.

ஏறிய வேகத்தில் எழுந்தார்.

“என்னப்பா இது, சீட்டு சொதசொதன்னு இருக்கு? உறை எங்க?”

“துவைக்கப் போட்டிருக்கேண்ணே. காலையில நனைஞ்ச துணியைப் பின்னாடி தூக்கிப் போட்டேன்.”

“இந்த நனைஞ்ச பேண்ட்டோட நான் இறங்கி நடந்தா ஊர் என்னைப் பத்தி என்ன நினைக்கும்?” என்று முனகிக்கொண்டே ஏட்டு ஓரமாக ஒண்டிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி திருப்பினான். “தூரமாப் பாருக்கா. கண்ணை மூடாத.” வழக்கம் விடுமா? வாய் தானாகப் பேசிக்கொண்டே வந்தது. “இடது பக்கம் கீழ பாருங்க, அதுதான் பெரிய ஏரி. ஆழம் யாருக்கும் தெரியாது. ஓரமெல்லாம் கொடிப்பாசி. காத்துக்காலம்கிறதால படகையெல்லாம் சங்கிலி போட்டு வெச்சிருக்காங்க...” சட்டென்று நிறுத்தினான். “மன்னிச்சுக்கக்கா. பழக்க தோஷம்.”

“பேசு. நீ பேசுனா எனக்குக் குமட்டல் தெரியல.”

அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். குட்டி ஏரி வந்தது, போனது. பெயருக்கு ஏற்ற மாதிரி கையகல ஏரி. அதன் மறுகோடியில் ஒரு மதகு. மதகுக்கு வெளியே ஓடுகிற தண்ணீர்தான் ஓடையாகப் போய் அருவியாக விழுகிறது. மதகுக் கட்டையின் மேல் ஆள் உயரத்துக்கு அழுகிய இலைக்குப்பை குவிந்து, இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மதகிலிருந்து ரோடு பிரிந்தது. வலது பக்கம் போனால் பெரிய ஏரிக்கு இறக்கம். இடது பக்கம் அருவி. தம்பி இடது பக்கம் ஒடித்தான்.

மாலை நாலரை மணி.

வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தாள். மேல்பாறை பளிச்சென்று தெரிந்தது. அவன் பார்த்ததாகச் சொன்னதைப் பார்க்க முடியும். அதில் பழுது இல்லை. படியேறி மேல்பாறைக்குப் போனாள். கண்ணாடி மறுபடி பூத்துப்போயிற்று. துடைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

மடு. மடுவிலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு பெரிய இரும்புக் குழாய்க்குள் இறங்கியது. குழாய் சரிவில் ஓடி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. கட்டடத்தின் நெற்றியிலிருந்து கம்பிகள் கிளம்பி ஊரைப் பார்த்துப் போயின. ஊருக்கு விளக்கெரிக்கிற மின்நிலையம். பிறந்ததிலிருந்து பார்க்கிற கட்டடம்தான்.

இன்ஸ்பெக்டர் தன் இடது கைச் சட்டையைப் பார்த்தாள்.

அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். “மேடம், குமட்டுதா?” என்று ஏட்டு காதருகே வந்து கத்தினார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். வண்டிப் பயணத்தால் வந்த குமட்டல் இல்லை அது.

திரும்பும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள். “மதகுகிட்ட நிறுத்துடா. அந்த ஆளு உட்கார்ந்ததாச் சொன்ன இடத்தையும் பார்த்து வெச்சுடலாம்.”

மதகுக்காரர் கொக்கிக் கம்பும் கையுமாக வந்தார். போலீஸைக் கண்டதும் கம்பைக் கீழே வைத்தார்.

“இந்த இலைக்குப்பை எப்ப எடுத்தது?”

“காலையிலங்க. மதகு வாயில வலை அடைச்சுப்போச்சு. மதகை மூடிட்டுத்தான் எடுக்க முடியும்.”

“எப்ப மூடினீங்க?”

“ஒன்பதரைக்கு மூடினேன். பதினொண்ணரைக்குத் திறந்தேன்.”

“மூடினா அருவி?”

“அருவி எங்க இருக்கு? பாறையில வேர்த்த மாதிரி கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். கீழ மெஷினும் நின்னுபோகும். ஊர்ல கரண்ட் போனதுக்கு என்னைத்தான் திட்டுவாங்க. முன்னெல்லாம் ராத்திரியிலதான் மூடுவோம். மழையில இருட்டுல ஒருத்தன் வழுக்கி விழுந்துட்டான், அதனால இனிமே பகல்லதான்னு சொல்லிட்டாங்க. பகல்ல மூடினது இன்னிக்குத்தான் முதல் தடவை.”

“மூடின நேரத்துல இந்த ஏரி?”

“குட்டி ஏரிதானே, வர்ற தண்ணி போக வழியில்லாம கிடுகிடுன்னு ஏறும். அதோ அந்தப் புல்லுமேடு பூரா முழுகிடுச்சு. திறந்தப்புறம் ஒரு ஷூ வேற மிதந்து வந்து வலையில மாட்டுச்சு. யாருதோ தெரியல.” சுவர்மேல் காய வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். விலை உயர்ந்த, பழுப்பு நிற, வலது கால் ஷூ.

ஏட்டு அதை வாங்கினார். வாய்க்கு வந்த பகடி ஏதோ தொண்டையோடு நின்றுவிட்டது. மெதுவாகத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவன் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏறு” என்றாள் அக்கா.

அவன் ஓட்டும் இருக்கையில் ஏறினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏட்டு பின் கதவில் கைவைத்தார், யோசித்தார், கையை எடுத்துவிட்டார்.

“மேடம், நான் அப்படியே கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன். எனக்கு வயசாச்சு. காது முன்ன மாதிரி இல்ல. சில நேரம் யார் என்ன சொன்னாங்கன்னே ஞாபகம் இருக்கிறதில்ல.”

ஷூவைப் பின் சீட்டில் வைத்துவிட்டு நடந்தார். அவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்பது இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. நல்ல மனிதர். அவருக்காக அந்த நிமிஷம் அவளுக்கு அழுகை வந்தது.

“பத்து மணிக்கு அருவியே இல்லடா” என்றாள். “அருவி இல்லாம சாரல் ஏது, சாரல் இல்லாம வானவில் ஏது? நீ பத்து மணிக்கு அங்க நின்னிருந்தா, வெறும் பாறையைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பே. ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பே. இத்தனை வருஷத்துல பகல்ல ஒரு நாளும் நடக்காதது. ஆனா நீ தினமும் சொல்றதையே எங்கிட்டயும் சொன்னே. தண்ணி ஆளைப் புரட்டுச்சுன்னே. பதினொண்ணரை வரைக்கும் அந்த மடு குளிக்கிற தொட்டி மாதிரி கிடந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் எதைத் தேடுனே?”

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம். ஏரி ஏறித்தான் வந்திருக்கு. அவர் இங்கதான் இருந்திருக்காரு. அவரை இறக்கி விட்டுட்டு நீ இடது பக்கம் திரும்பல, வலது பக்கம் திரும்பியிருக்கே. டீச்சர் தலை பூரா பெரிய ஏரிக் கொடிப்பாசி. ஓடுற தண்ணியில அது வளராது, இந்த மதகு வலையையும் தாண்டாது. பின் சீட்டு உறை மட்டுமில்ல, பஞ்சும் ஊறிக் கிடக்கு. நனைஞ்ச சட்டையால அவ்வளவு ஈரமா? நனைஞ்ச ஆளைப் படுக்க வெச்சிருக்கே. படகுச் சங்கிலியை யாரு அவிழ்த்தா, நீதானே?”

“அழுதுக்கிட்டே இருந்தாங்கக்கா.” அவன் குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. “புருஷன் இறங்கினதுலேருந்து ஒரே அழுகை. அருவி வேணாம், அமைதியா எங்கயாவது கூட்டிட்டுப் போங்கன்னாங்க. படகுல போனா மனசு ஆறும்னு நான்தான் சொன்னேன். ஓரமாத்தான் போனேன். ஒரு காத்து. ஒரே ஒரு காத்துக்கா. கவிழ்ந்துடுச்சு. பாசி காலைச் சுத்திக்கிச்சு அவங்களுக்கு. நான் முழுகி முழுகி இழுத்தேன். கரையில போட்டு நெஞ்சை அமுக்கினேன். நாடி பார்த்தேன், ஒண்ணும் இல்ல. பின் சீட்டுல போட்டேன்.”

“ஆஸ்பத்திரி இங்கேருந்து எவ்வளவு தூரம்?”

அவன் ஸ்டியரிங்கை நகத்தால் சுரண்டினான்.

“கேக்குறேன்ல?”

“அங்கதான் கிளம்பினேன். மதகு வரைக்கும் வந்தேன். ரெண்டாவது தடவைக்கா. லைசென்ஸ் போகும், ஜெயில்னு நினைப்பு வந்துச்சு. நீ எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கே, உன் வேலையும் போகும்னு நினைச்சேன். வண்டி தானா அருவிப் பக்கம் திரும்பிடுச்சு.”

“வண்டி தானா திரும்பாது.”

“திருப்பிட்டேன். அப்ப அருவி எப்பவும்போல கொட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவள் பக்கம் திரும்பி, அவசரமாக, கெஞ்சலாகப் பேசினான். “செத்துப்போன உடம்பு எங்க கிடந்தா என்னக்கா? அந்த ஆளு ஒண்ணும் நல்லவன் இல்ல. வண்டிக்குள்ளயே கையை ஓங்கினான். நான் பார்த்தேன். ஏட்டண்ணன் எதுவும் சொல்ல மாட்டாரு. மதகுக்காரருக்கு எதுக்குக் கேக்கிறோம்னே தெரியாது. நீ நினைச்சா முடியும்க்கா. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?”

அவளுக்கும் அவனை விட்டால் யாரும் இல்லை. அதை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

“கையை ஓங்கினதுக்கு ஆயுசு முழுக்க ஜெயிலாடா? அந்த ஏழு வயசுப் பொண்ணுகிட்ட, உங்கப்பாதான் உங்கம்மாவைத் தள்ளினாருன்னு யாரு போய்ச் சொல்றது? நானா?”

“அக்கா...”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?” சொல்லாமல் விட்டுவிடலாம். எப்படியும் கோர்ட்டில் யாராவது சொல்வார்கள். வேற்று ஆள் வாயால் அவன் அதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தாள். “நெத்தியில ரத்தம் பாய்ஞ்சிருக்கு. செத்த உடம்புல பாயாது. நீ மேலேருந்து போட்டப்போ அவங்களுக்கு உயிர் இருந்துச்சுடா.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தான். விளங்கியதும் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டான், சுட்டுவிட்டது போல. அப்புறம் அவன் போட்ட சத்தம் மதகுவரை கேட்டது. மதகுக்காரர் எழுந்து நின்றார். நடந்துகொண்டிருந்த ஏட்டு நின்றார், திரும்பவில்லை.

சத்தம் அடங்கும்வரை அவள் அவன் முதுகில் கை வைத்திருந்தாள். பிறகு இறங்கி வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். “தள்ளி உட்காரு. நான் ஓட்டுறேன்.”

ஏட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார். ஈரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் வண்டியை வெடுக்கென்று திருப்பினாள். அவளுக்குக் குமட்டவே இல்லை.

மாலை ஆறு மணி.

“நீங்க போகலாம்” என்றாள் பல் டாக்டரிடம்.

“யாரு?”

“வண்டி ஓட்டினவன். என் தம்பி.”

அவர் பாய்ந்து அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றாள். அவர் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “நான் இறங்காம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு போன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொண்ணு காத்துக்கொண்டிருப்பாள் என்றார். ஏட்டு அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

மேலதிகாரியிடம் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். “வேற ஸ்டேஷன்லேருந்து ஆள் அனுப்புறேன். நாளைக்கு அவங்க எழுதட்டும். நீங்க எழுத வேணாம்மா” என்றார் அவர்.

“கைது பண்ணினது நான் சார். முதல் தகவல் அறிக்கையை நான்தான் எழுதணும்.”

ஏட்டு திரும்பி வந்து, கொடுங்க மேடம், நான் எழுதுறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க என்று கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுக்கவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்துவைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். சம்பவ இடம் எழுதினாள். இறந்தவர் விவரம் எழுதினாள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் கேட்ட இடத்தில் தம்பியின் பெயரை முழுசாக, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதிக்கொடுத்த மாதிரியே எழுதினாள். அதற்கு அடுத்த வரி, தகப்பனார் பெயர். அங்கே தன் அப்பாவின் பெயரை எழுதினாள்.